வயரைப் பிடித்து நடந்தவர்

"ரெண்டு குழாயும் கட்டியாச்சுக்கா. சுவிட்சைப் போடுங்க."

"யாருய்யா கட்டுனது?"

"நாந்தேன்."

"நீ நல்லாத்தேன் கட்டியிருப்ப. ஒரு நடை போயிப் பாத்துட்டு வந்துர்றேன்."

"அப்ப என்னைய நம்பலையா?"

"ஒன்னைய நம்புறேன்யா. வயரைத்தேன் நம்பல."

எங்கள் ஊர்ப் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் நாளில் ஆண்டுதோறும் கோயில் வாசலில் இந்தப் பேச்சு நடக்கும். ஒரு பக்கம் விழாக் கமிட்டியைச் சேர்ந்த யாராவது ஓர் இளவட்டம். மறுபக்கம் மைக்செட் போட வந்திருக்கும் அந்த அம்மா. சொல்லிவிட்டு அவர் நடக்கத் தொடங்கிவிடுவார். வயரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தளர்வாகப் பிடித்துக்கொண்டு அது போகிற வழியெல்லாம் போவார். ஒட்டுப் போட்ட இடம் வந்தால் நின்று, டேப்பைப் பிரித்து, உள்ளே செம்புக் கம்பியின் முறுக்கைப் பார்த்து, மறுபடி சுற்றுவார். கோயில் புளியமரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர். இன்னொன்று எங்கள் தெருக்கோடியில், என் வீட்டை ஒட்டிய வேப்பமரத்தில். அந்த மரத்தடிவரை வந்து, அண்ணாந்து பார்த்து, திரும்பி நடந்த பிறகுதான் செட்டுக்குக் கரண்டு.

ஊரில் செட்டுக்காரம்மா என்பார்கள். பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதட்டுமா என்று அவரிடம் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை. அவருடைய செட் எரிந்து போனது என்னால்தான். ஊருக்கு வேறு மாதிரிச் சொன்னேன். மூன்று ஆண்டுகள் அப்படியே இருந்தேன்.

அவர் பாம்பனில் பிறந்தவர். எங்கள் ஊரில் ரேடியோ செட் வைத்திருந்த குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்தார். கணவர் இறந்ததும், பிள்ளை இல்லாதவர் என்பதால், தாய் வீட்டுக்கே போய்விட்டார். போகும்போது செட்டையும் கொண்டு போனார். ஆனால் அம்மன் கோயில் பொங்கலுக்குக் குழாய் கட்டுவது அந்தக் குடும்பத்தின் பாத்தியதை. மாமனார் கட்டியது, கணவர் கட்டியது. அதனால் ஒவ்வொரு பங்குனியிலும், பாம்பனிலிருந்து மீன் இறக்க வரும் குட்டியானை வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். மடியில் ஆம்ப்ளிஃபயர். பழைய சேலையில் பொதிந்து குழந்தையைப் போல வைத்திருப்பார் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் அரிசி மூட்டையைப் பிடிப்பதுபோல இரண்டு முழங்கைகளாலும் இறுக்கிப் பிடித்திருப்பார். பதினைந்து கிலோ இருக்கும். இறங்கியதும் முதலில் தொடையைத் தேய்த்துவிட்டுக்கொள்வார்.

அது வால்வு போட்ட பழைய ஆம்ப்ளிஃபயர். கண்ணாடிக் குழல்கள் சூடாகிச் செந்நிறமாக ஒளிரும்வரை காத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் பாட்டு வந்தது பென்டிரைவிலிருந்துதான், ஆனாலும் அந்தச் செட் வழியாக வரும்போது காதைக் குத்தாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அந்த வித்தியாசம் தெரிந்ததில்லை. என் வீட்டு ஜன்னலுக்கு நேராகக் குழாய் இருந்தால் எந்தப் பாட்டும் எனக்கு ஒன்றுதான்.

ஒரு வருடம் கமிட்டி மேலத்தெருக்காரர்களின் நச்சரிப்பு தாங்காமல் மூன்றாவதாக ஒரு குழாயை எங்கிருந்தோ கொண்டுவந்தது. கமிட்டித் தலைவர் என் கணவருக்குத் தம்பி முறை. என்னை மதினி என்பார். அவரே குழாயைத் தோளில் சுமந்து வந்து நின்றார்.

"இதையும் மாட்டி விடுங்கக்கா."

"மாட்ட முடியாதுய்யா. குழாய் ஒண்ணுக்கு எட்டு ஓம்ஸ். ரெண்டுக்குப் பதினாறு. செட்டுக்குப் பின்னால பாருங்க, நாலு, எட்டு, பதினாறுன்னு மூணு திருகுதேன் இருக்கு. வயரைப் பதினாறுல முறுக்கியிருக்கேன். மூணாவது வந்தா இருபத்துநாலு ஆயிரும். இருபத்துநாலுக்குத் திருகு எங்கன இருக்கு?"

"சும்மா மாட்டுங்கக்கா. சாமி காரியம்தானே?"

"சாமி காரியந்தேன். சாமியே எறங்கி வந்து நின்னாலும் இருபத்துநாலுக்குத் திருகு இல்ல."

கூட்டமே சிரித்தது. தலைவரும் சிரித்துக்கொண்டே குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். நடந்துகொண்டே அவர் ஏதோ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. பெண்பிள்ளை ஒருத்தி எல்லார் முன்னாலும் கணக்குச் சொல்லித் திருப்பி அனுப்பியதை அவர் மறக்கவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

செட்டில்தான் அப்படி என்றில்லை. அவரிடம் ஒன்று சொன்னால் அதன் கடைசிவரை போய்ப் பார்ப்பார். "பஸ் போயிருச்சு" என்றால், "எந்த பஸ்ஸு? யாரு பாத்தா?" "சாப்பிட்டேன்" என்றால், "என்ன சாப்பிட்டீக?" கேட்டுவிட்டு நிற்பார். பதில் வரும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அதில் அதட்டல் இருக்காது. வால்வு சூடாகட்டும் என்று நிற்பதுபோலத்தான் நிற்பார். ஆனாலும் எனக்கு அது கூச்சமாக இருக்கும். என் மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, வீட்டுப்பாடம் முடித்துவிட்டதாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர், "கடைசிக் கணக்குக்கு என்ன விடை வந்துச்சு பாப்பா?" என்றார். மகள் விழித்தாள். ஆசிரியையான நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

தண்ணீர் குடிக்க மட்டும் அவர் என் வீட்டுக்கு வருவதில்லை. பத்து நாள் திருவிழாவில் ஆண்களுக்குக் கண்மாய்க்கரை இருக்கிறது. செட்டோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் எங்கே போவார்? முதல் வருடம் நானே கூப்பிட்டேன். "அக்கா, எங்க வீட்டுக் கொல்லைப்பக்கம் பாத்ரூம் இருக்கு. எப்ப வேணும்னாலும் வாங்க." அதற்கு அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "இத்தனை வருசத்துல இதை யாரும் கேட்டதில்ல டீச்சர்." அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்படி வந்துபோகும் நேரங்களில்தான் செட்டைப் பற்றிச் சொல்வார். நான் ராமநாதபுரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அதனால் எனக்குப் புரியும் என்று நினைத்துச் சொல்வார்.

"குழாய்ப் பாரம் கொஞ்சம் கூடுனாலும் கொறைஞ்சாலும் சத்தந்தேன் கெடும் டீச்சர், செட்டு தாங்கிக்கிரும். பாரமே இல்லாமப் போச்சுன்னு வைங்க, அதோட முடிஞ்சுது. ரெண்டு குழாயும் ஒரே வயருல ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நிக்கிது. நடுவுல எங்கன அத்தாலும் ரெண்டும் இல்லாமப் போகும். வால்வு தள்ளுறது போக வழியில்லாம உள்ளயே ஏறி, டிரான்ஸ்பார்மரைப் பொசுக்கிரும்."

நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் ஆண்டுதோறும் நான் வரையும் படம் இது. மின்கலம், கம்பி, விளக்கு. கம்பியைத் துண்டித்தால் மின்னோட்டம் நிற்கும். நின்றால் விளக்கு அணையும். அணைந்தபின் எரிவதற்கு என்ன இருக்கிறது? புருஷன் சொல்லிக்கொடுத்ததை விவரம் புரியாமல் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். வால்வு செட்டில் வேறு மாதிரி என்று படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. படிக்கவில்லை.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய வருடம் பொதுத்தேர்வும் பங்குனிப் பொங்கலும் ஒன்றாக வந்தன. கணவர் வளைகுடாவில். வீட்டில் நானும் அவளும் மட்டும். நான் பதற்றக்காரி. அவள் தூங்கினால் ஏன் தூங்குகிறாள் என்று பயம். தூங்காவிட்டால் ஏன் தூங்கவில்லை என்று பயம். அந்த அம்மாவிடம் குழாயை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். கமிட்டி ஒத்துக்கொள்ளாது என்றவர், பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். ஓட்டுத் துண்டு ஒன்றில் சுற்றிய ஹீட்டர் காயில்.

"இதுவும் எட்டு ஓம்ஸ். அளந்து நறுக்கி வச்சிருக்கேன். பாப்பா படிக்கும்போது சொல்லுங்க. செட்டை அமத்திட்டு வந்து, ஒங்க குழாயைக் கழட்டிட்டு இதை மாட்டிர்றேன். குழாய் இருக்குன்னு நெனைச்சுக்கிட்டு அது பாட்டுக்குப் பாடும். கமிட்டிக்காரகளுக்கு நான் சொல்லிக்கிர்றேன். நீங்களா மட்டும் தொட்டுறாதீக."

ஆங்கிலத் தேர்வுக்கு முந்தின நாள் அப்படியே செய்து கொடுத்தார். ஐந்து நிமிடம் ஆனது. கோயில் பக்கம் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, எங்கள் தெருக்கோடி மட்டும் அமைதியாக இருந்தது. மறுநாள் பழையபடி குழாயை மாட்டினார்.

அடுத்தது இயற்பியல். முந்தின நாள் மாலை ஐந்தரை மணி. முளைப்பாரி எடுக்கும் நாள், காலையிலிருந்து பாட்டு. மகள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு அறைக்குள் அழுதாள். படித்ததெல்லாம் மறந்துவிட்டது என்றாள். அந்த நேரத்தில் அந்த அம்மா வாசலில் நின்றார். முகத்தில் அவசரம்.

"அக்கா, இன்னைக்கும் அந்தக் காயிலை மாட்டி விடுங்க. நாளைக்குப் பரிச்சை."

"இந்தா டீச்சர், போயிட்டு வந்து மொத வேலை அதேன். கமிட்டித் தலைவரைச் செட்டுகிட்ட உக்கார வச்சுட்டு ஓடியாந்தேன். செத்தப் பொறுங்க."

பையை என் வீட்டு நாற்காலியில் வைத்தார். காயில் அந்தப் பைக்குள்தான் இருந்தது. கொல்லைப்பக்கம் போனார்.

செத்தப் பொறுத்திருக்கலாம். மூன்று நிமிடம், நான்கு நிமிடம். உள்ளே மகள் புத்தகத்தை வீசி எறிந்த சத்தம் கேட்டது. நான் அடுப்படிக்குப் போய், மீன் துடுப்பு நறுக்கும் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். குழாய்க்குப் போகும் வயர் எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டியிருந்தது. நறுக்கினேன். வயர் மெல்லியதுதான். கையில் எதுவும் தெரியவில்லை.

பாட்டு நின்றது. கோயில் பக்கமும் நின்றது. கீழே அறையிலிருந்து மகள், "அப்பாடா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக என் உடம்பே லேசானதுபோல இருந்தது. கத்திரிக்கோலைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு இறங்கினேன்.

அவர் ஈரக் காலோடு வந்து நின்றார். "டீச்சர், பாட்டு ஏன் நின்னுச்சு?"

"தெரியலையேக்கா."

என்றும் நடந்தே போகிறவர் அன்று ஓடினார். பையைக்கூட எடுக்கவில்லை.

கோயிலில் நடந்ததைப் பிறகு பலர் பலவிதமாகச் சொன்னார்கள். சத்தம் நின்றதும் கமிட்டித் தலைவர், வால்யூம் பத்தவில்லை போலிருக்கிறது என்று குமிழைக் கொஞ்சம் திருகினார். வரவில்லை. முழுக்கத் திருகினார். அப்போதும் வரவில்லை. கிர்ர் என்று பெட்டிக்குள் ஏதோ கத்தியதாம். அந்த அம்மா போய்ச் சேர்ந்தபோது டிரான்ஸ்பார்மரிலிருந்து கறுப்பாகத் தார் உருகி மேசையில் வழிந்துகொண்டிருந்தது. அந்த வாடை எங்கள் தெருவரை வந்தது. கம்பியை அறுத்தால் எல்லாம் நின்றுவிடும் என்று பாடம் நடத்துகிற எனக்கு, ஜன்னலைச் சாத்தும்போதுகூட அது என்ன வாடை என்று தெரியவில்லை.

அவர் வயரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் கமிட்டித் தலைவரும் ஏழெட்டுப் பேரும். என் மாடிக்கு ஏறி, இரண்டு முனைகளையும் கையில் எடுத்துப் பார்த்தார். இறங்கி வந்து என் முன்னால் நின்றார்.

"டீச்சர், இங்கன யாரும் வந்தாகளா?"

"யாரும் வரலையேக்கா. அணில் கடிச்சிருக்கும். மரத்துல நெறைய அணில் கெடக்கு."

"அணிலா?"

கேட்டுவிட்டு நின்றார். நான் வேப்பமரத்தைக் கைகாட்டினேன். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

கமிட்டித் தலைவர்தான் பேசினார். "மதினிதேன் சொல்றாகள்ல. ஒங்க வயரு ஒங்க மாமனாரு காலத்துது, அணிலு கடிக்காம என்ன செய்யும்?"

"அணில் கடிச்சாப் பிசிறு பிசிறா இருக்கும்யா. இது நறுக்குன மாதிரி இருக்கு."

"அப்ப டீச்சர் பொய் சொல்றாகளா?"

எல்லோரும் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்கள். என்ன துணிச்சல் இவளுக்கு என்பதுபோலப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. என் பின்னால் அறைக்கதவு திறந்தது. மகள் நிற்கிறாள் என்று திரும்பாமலே தெரிந்தது. அவள் ஜன்னல் வழியாக நான் மாடியேறியதைப் பார்த்திருந்தாள், கையில் இருந்ததையும்.

"நான் அப்படிச் சொல்லலய்யா" என்றார் அந்த அம்மா. பிறகு என்னிடம், "பையை எடுத்துக்கிர்றேன் டீச்சர்" என்று அனுமதி கேட்பதுபோலச் சொல்லிவிட்டு, உள்ளே வந்து நாற்காலியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

பாம்பன் வண்டி மறுநாள் காலைதான் வரும். அதுவரை அவர் கோயில் மடப்பள்ளித் தாழ்வாரத்தில் இருந்தார். விடிந்ததும் கண்மாய்க்கரைக் கருவேலங்காட்டுப் பக்கமாக அவர் தனியாகப் போவதை என் மாடியிலிருந்து பார்த்தேன். என் வீட்டைத் தாண்டித்தான் போனார். என் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

டவுனிலிருந்து பாக்ஸ் செட் வந்தது. ஆள் உயரப் பெட்டிகள். மிச்ச நாட்களில் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அலமாரியில் அதிர்ந்தன. குழாயில் கேட்டதைப் போல மூன்று மடங்கு சத்தம். மகள் காதைப் பொத்திக்கொண்டு மற்றத் தேர்வுகளை எழுதினாள். நான் யாரிடமும் முறையிடவில்லை. எந்த வாயால் முறையிடுவது?

கமிட்டி கூடி, இனிமேல் அந்தச் செட் வேண்டாம் என்று முடிவு செய்தது. "வயர் கட்டத் தெரியாம எரிச்சுட்டா" என்று கமிட்டித் தலைவர் சொல்ல, அதுவே பேச்சாகிவிட்டது. குமிழை முழுக்கத் திருகியது தானென்று அவர் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மூன்று ஆண்டுகள் போயின. மகள் மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் அவள் இரண்டு பாடங்களில் தவறியிருந்ததும், தேறிவிட்டதாக எனக்குச் சொல்லி வந்ததும் தெரிந்தது. ஊருக்கு வந்தவளை நிற்க வைத்துக் கேட்டேன். "பொய் சொல்ல எங்கடி கத்துக்கிட்ட?" என்று கத்தினேன்.

அவள் கோபப்படவில்லை. "நீ அணில்னு சொன்னப்ப நான் பின்னாலதான்மா நின்னேன்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பாம்பன் போனேன். விசாரித்துக்கொண்டு போனபோது வீட்டுக்கு முன்னால் தார்ப்பாயில் காய்ந்த நெத்திலியைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். பஸ்ஸில் மனதுக்குள் கோர்த்து வைத்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"அக்கா, அன்னைக்கு வயரை நான்தான் நறுக்கினேன்."

அவர் நெத்திலியைக் கீழே போட்டார்.

"எதை வச்சு?"

"கத்திரிக்கோல்."

"மீன் நறுக்குறதா?"

"ஆமா."

"நான் உள்ள இருந்தப்பவா?"

"ஆமாக்கா."

"ம்" என்றார். மீட்டரில் முள் நின்ற இடத்தைப் பார்த்துக்கொள்வதுபோல இருந்தது. அன்றே தெரியும் என்று சொல்லவில்லை. தெரியாது என்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன்; அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"செட்டை நான் சரி பண்ணிக் குடுக்குறேன்க்கா" என்றேன்.

"செட்டுக்கு என்ன? மதுரையில குடுத்து டிரான்ஸ்பார்மரைப் புதுசாச் சுத்தியாச்சு. உள்ளதேன் இருக்கு, நல்லாப் பாடுது." பிறகு கையைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார். "கட்டத் தெரியாம எரிச்சுட்டேன்னு ஒங்க ஊர்ல சொன்னாக. அங்கனருந்து நாலு ஊருக்குப் போயிருச்சு. மூணு வருசமா ஒரு கோயில்லயும் என்னையக் கூப்பிடல டீச்சர். நான் வயரைப் பாக்காம என்னைக்காச்சும் சுவிட்சைப் போட்டிருக்கேனா?"

"இல்லக்கா."

"இத என்கிட்ட வந்து சொன்னா எப்படி? அங்கன சொல்லுங்க. எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க. சொல்லிட்டுப் போன் போடுங்க."

டீ கொடுத்தார். குடித்தேன். பஸ் நிறுத்தம்வரை கூட வரவில்லை. வர வேண்டும் என்று நான் எதிர்பார்த்ததே எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்த வருடத் திருவிழாவுக்கான ஊர்க்கூட்டம் போன வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் நடந்தது. ஐம்பது, அறுபது பேர். பெண்கள் ஓரமாக உட்காருவோம். செட் பேச்சு வந்ததும் நான் எழுந்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் வயரை நறுக்கியது நான், அணில் இல்லை, அந்தம்மா மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன்.

கமிட்டித் தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அட, அந்த அணிலு நம்ம மதினிதேனா!"

மண்டபம் முழுவதும் சிரிப்பு. பெண்கள் பக்கத்திலும் சிரித்தார்கள். ஒருவர், "பிள்ளை பரிச்சைக்குப் படிக்கும்போது எந்தத் தாய்க்குத்தேன் மனசு பொறுக்கும்?" என்றார். இன்னொருவர், "மூணு வருசம் கழிச்சு வந்து சொல்றாகளே, அந்த மனசு யாருக்கு வரும்?" என்றார். பக்கத்தில் இருந்த பெண் உட்காரச் சொல்லி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

நான் உட்காரவில்லை. "அப்ப இந்த வருசம் அந்தக்காவையே கூப்பிடலாம்ல?" என்று கேட்டேன்.

"பாக்ஸ் செட்டுக்குச் சொல்லியாச்சு மதினி. அடுத்த வருசம் பாப்போம். நீங்க இதையெல்லாம் போட்டு மனசைக் கொழப்பிக்கிறாதீக." பேச்சு அடுத்ததாகப் பந்தலுக்குப் போனது.

வீட்டுக்கு வந்து உடனே போன் செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவரே கூப்பிட்டார். பின்னால் கடற்காற்றின் இரைச்சல் கேட்டது.

"சொன்னீகளா டீச்சர்?"

"சொல்லிட்டேன்க்கா."

"எல்லாரும் இருக்கும்போதா?"

"எல்லாரும் இருந்தாக."

"என்ன சொன்னாக?"

வருத்தப்பட்டார்கள் என்று சொல்ல நினைத்தேன். அடுத்த வருடம் கூப்பிடுவதாகச் சொன்னார்கள் என்று சொன்னால் அது முழுப் பொய்யும் இல்லை. அவர் காத்திருந்தார். காற்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"சிரிச்சாகக்கா."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"நீங்க?"

மண்டபத்தில் அந்தச் சிரிப்பு எழுந்தபோது என் முகமும் தானாக இளகியதையும், அப்பாடா, இவ்வளவுதானா என்று உள்ளே ஒரு முடிச்சு அவிழ்ந்ததையும் அவர் எப்படிப் பார்த்தார் என்று தெரியவில்லை.

"நானும்தான்க்கா" என்றேன்.

அதன்பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.